முதலில் அடுப்பு, பிறகு விளக்கு: தெருவில் ஒரு சன்மார்க்க வட்டம் தொடங்கும் முறை

சாதி மதம் பாராத சன்மார்க்க நெறியைச் சொன்ன வள்ளலார் தொடங்கியவற்றின் வரிசையைக் கவனியுங்கள். 1865இல் சன்மார்க்க சங்கம். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபையில் முதல் தரிசனம் நடந்தது 1872 ஜனவரி 25இல்தான். பசித்தவருக்குச் சோறு போடத் தொடங்கி நாலரை ஆண்டு கழிந்த பிறகே விளக்கு வந்தது.

புதிதாகக் கூட்டம் சேர்ப்பவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். முதலில் பேனர், திறப்பு விழா, சொற்பொழிவாளர். கஞ்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கேட்க வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சேர்ந்து ஒரு வேலை செய்தவர்கள்தான் மறுவாரமும் வருவார்கள். அரிசி களைந்தவருக்கும் அண்டா தூக்கியவருக்கும் இடையில் வரும் பழக்கம் நாற்காலியில் அருகருகே உட்கார்ந்து கேட்பதால் வராது.

சாதியும் மதமும் கேட்காமல் கூடி உட்கார ஒரு இடம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு. அளவு சிறியது: எட்டு வீடு சேர்ந்து வாரம் ஒருநாள் காலையில் ஐம்பது பேருக்குக் கஞ்சி, அன்று மாலை பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றேகால் மணி நேரம் உட்காருவது. வள்ளலார் வற்புறுத்திய பரோபகாரம் (பிறருக்கு உதவுவது), சத்விசாரம் (நல்லதை ஆராய்ந்து சிந்திப்பது) இரண்டும் இதற்குள் அடங்கும். முதல் ஐந்து வாரம் கஞ்சி மட்டும் போடுங்கள். மாலைக் கூட்டத்தை ஆறாவது வாரம் தொடங்கினால் போதும்.

எட்டு வீடும் பிடி அரிசியும்

எட்டு என்ற எண்ணுக்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடச் சொல்லுங்கள். ஒரு பிடி சுமார் 45 கிராம். எட்டு வீடு, ஏழு நாள் என்றால் இரண்டரைக் கிலோ. ஐம்பது பேர் கஞ்சிக்கு வேண்டிய அரிசி அதுதான். நன்கொடைப் புத்தகம் அச்சடிக்காமல், யாரிடமும் கை நீட்டாமல் வாரா வாரம் அரிசி சேர்ந்துவிடும். அதைவிட முக்கியம், தினமும் அடுப்படியில் நிற்கும்போது அந்த வீட்டுக்காரர் ஒரு நொடியாவது தம் வீட்டுக்கு வெளியே இருக்கும் பசியை நினைக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் வரும். ஒரு வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் புழுங்கல், மற்றொன்றில் ரேஷன் அரிசி என்று கலந்தால் ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும். எல்லோரும் புழுங்கல் அரிசியே எடுத்துவைப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கஞ்சிக்கு முந்தின நாள் சேர்த்து, புடைத்து, மிக்சியிலோ மாவு மில்லிலோ ஓட்டி, ஒரு மணி மூன்று நான்காகும்படி நொய்யாக உடைத்துவிட்டால் வேகும் நேரமும் பாதியாகும். பானையில் நாலு காய்ந்த மிளகாய் போட்டுவைத்தால் வண்டு வருவது குறையும்.

எட்டு வீடும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் ஊர்களில் தெரு என்றால் சாதி என்று பொருள். ஒரே தெருக்காரர்கள் தொடங்கிய கூட்டம் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு நடந்தாலும் அந்தத் தெருக் கூட்டமாகவே நின்றுவிடும். முதல் எட்டில் குறைந்தது மூன்று தெரு இருக்கட்டும். சேரிக்கும் ஊருக்கும் நடுவே கோடு இருக்கும் ஊரானால், கோட்டின் இரு பக்கமும் ஆள் சேராமல் தொடங்காதீர்கள். இரண்டு மாதம் தாமதமானாலும் பரவாயில்லை.

இடமும் அப்படித்தான். ஒரு பங்காளிக் கூட்டத்துக்குச் சொந்தமான கோயில் மண்டபத்தில் அடுப்பு வைத்தால், “எல்லோரும் வரலாம்” என்று எழுதி ஒட்டினாலும் வராதவர்கள் வர மாட்டார்கள். நூலக வாசல், பள்ளித் திண்ணை, சந்தைக் கொட்டகை, பேருந்து நிறுத்தம் பக்கத்துக் காலி மனை என்று யாரும் ஏற்கெனவே அனுமதி கேட்காமல் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். பஞ்சாயத்திடமோ இடத்துக்குப் பொறுப்பானவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாடி வேண்டாம், முழங்கால் வலிக்காரர்கள் ஏற மாட்டார்கள். நேரத்தை நீங்களாக முடிவு செய்யாமல், ஒரு வாரம் காலையில் நடந்து பாருங்கள்: துப்புரவுப் பணியாளர்கள் எப்போது ஓய்வுக்கு உட்காருகிறார்கள், தள்ளுவண்டிக்காரர் எப்போது கடை போடுகிறார், சித்தாள் வேலைக்கு வண்டி எத்தனை மணிக்கு. பசி இருக்கும் நேரம்தான் கஞ்சி நேரம்.

ஐம்பது பேருக்குக் கஞ்சி

ஆளுக்கு 400 மில்லி என்று 20 லிட்டர் வேண்டும்; இரண்டாவது தடவை கேட்பவருக்கு இன்னொரு இரண்டு லிட்டர். முதல் இரண்டு வாரம் இருபது பேர்தான் வருவார்கள், அதனால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

முழு அளவுக்கு: நொய் இரண்டரைக் கிலோ, பாசிப்பருப்பு அரைக் கிலோ, தண்ணீர் 22 லிட்டர், வெந்தயம் 50 கிராம், சீரகம் 40 கிராம், பூண்டு கால் கிலோ, சுக்கு 30 கிராம், உப்பு 160 கிராம், தேங்காய் மூன்று. பூண்டு சேர்க்காதவர்கள் இருந்தால் அதை விட்டுவிட்டுச் சுக்கை 50 கிராமாக்குங்கள். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயோ பொரிகடலைத் துவையலோ போதும்.

அண்டா 35 லிட்டர் பிடிப்பதாக இருக்க வேண்டும். 25 லிட்டர் அண்டாவில் 22 லிட்டர் கஞ்சி காய்ச்சினால் நுரை பொங்கி அடுப்பை அணைத்துவிடும். அணைந்தது தெரியாமல் வாயு மட்டும் வந்துகொண்டிருந்தால் ஆபத்து. அடி கனமானதாகப் பாருங்கள். வீட்டுச் சிலிண்டரை இதற்குக் கொண்டுவராதீர்கள். வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டர் எடுங்கள். வாரா வாரம் தொடர்ந்து நடக்கும் என்று உறுதியானதும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள்.

நொய்யையும் வெந்தயத்தையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். 18 லிட்டர் தண்ணீரை அண்டாவிலும் 4 லிட்டரைத் தனிப் பாத்திரத்திலும் கொதிக்கவையுங்கள். பெரிய அடுப்பில் அண்டாத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க முக்கால் மணி ஆகும். லேசாக வறுத்த பாசிப்பருப்பை முதலில் போட்டு, பத்து நிமிடம் கழித்து ஊறிய நொய்யைத் தண்ணீரோடு சரியுங்கள். நொய் விழுந்த முதல் ஐந்து நிமிடம்தான் கவனம் தேவை. அது நேரே அடியில் போய்ப் படியும். ஒருவர் நீளமான மரத்துடுப்பால் அடி தொட்டுத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து, நசுக்கிய பூண்டு, சீரகம், சுக்கு சேருங்கள். உப்பில் முக்கால் பங்கை அரிசி பாதி வெந்ததும் போட்டு, மீதியை இறக்கும்போது ருசி பார்த்துச் சேருங்கள். நொய் விழுந்ததிலிருந்து நாற்பது நிமிடத்தில் கஞ்சி மலர்ந்துவிடும். தேங்காய்ப்பால் கடைசியில், தீயை அணைத்த பிறகு. பால் ஊற்றிக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கோடையில் தேங்காய்ப்பாலே வேண்டாம், சீக்கிரம் கெடும்.

அடி பிடித்துவிட்டால் கரண்டியால் சுரண்டாதீர்கள். சுரண்டினால் கருகல் வாசம் 20 லிட்டருக்கும் ஏறும். அடுப்பை அணைத்து, மேலே உள்ளதை அப்படியே வேறு அண்டாவுக்கு மொண்டு மாற்றி, அடியில் மூன்று விரற்கடை விட்டுவிடுங்கள். கஞ்சி ஆற ஆற இறுகும். அதற்குத்தான் தனியாக வைத்த நாலு லிட்டர் வெந்நீர். பச்சைத் தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்கக் கூடாது. சீக்கிரம் புளித்துப்போகும், வயிற்றுக்கும் ஆகாது. மிஞ்சியதை அன்று மதியத்துக்குள் கொடுத்து முடியுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

பரிமாறுவதில்தான் இது எல்லோரையும் சமமாகப் பார்க்கும் சமரசமா இல்லையா என்று தெரியும். பசித்தவரின் நாடு, சமயம், சாதி, நடத்தை எதையும் பார்க்காமல் பசியை மட்டும் பார்க்க வேண்டும் என்பது வள்ளலார் சொன்ன ஜீவகாருண்ய ஒழுக்கத்தின், அதாவது உயிரிரக்கத்தின், அடிப்படை. அதனால் பெயர்ப் பட்டியல் வேண்டாம், வள்ளலாரின் மகாமந்திரத்தைச் சொன்னால்தான் கஞ்சி என்பதும் வேண்டாம். வாங்குபவர் முகத்தைப் படம் எடுக்கவே கூடாது. அந்தப் படத்தை அவர் பிள்ளை எங்காவது பார்க்கும். வரிசையில் நிற்கவைத்து “அடுத்த ஆளு” என்று கூப்பிடுவதும், பாயில் உட்காரவைத்து “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமாம்மா?” என்று குனிந்து கேட்பதும் ஒரே கஞ்சியை இரண்டு பொருளாக்கிவிடும். முதல் பந்தியிலேயே பரிமாறுபவர்களில் பாதிப்பேர் வந்தவர்களோடு கலந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். தனியாகக் கடைசியில் சாப்பிட்டால் “நாங்கள் கொடுப்பவர்கள்” என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும்.

பாத்திரம் கழுவும் முறையை ஆண்களிடமிருந்து தொடங்குங்கள். சமைப்பதும் கழுவுவதும் பெண்கள், மைக் பிடிப்பது ஆண்கள் என்று ஆகிவிட்ட கூட்டங்கள் ஏராளம். நாலு பேர் கொண்ட முறைப்பட்டியல் ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினால் இந்தப் பேச்சே எழாது.

விளக்கு வைக்கும் மாலை

ஆறாவது வாரம் மாலை ஆறரைக்குத் தொடங்கி ஏழே முக்காலுக்குள் முடியுங்கள். பிறகு பெண்கள் வீடு திரும்ப வேண்டும், பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருக்கிறது. ஏழே முக்கால் என்றால் ஏழே முக்கால்தான். இரண்டு வாரம் எட்டரை வரை இழுத்தால் மூன்றாவது வாரம் பெண்கள் இருக்க மாட்டார்கள்.

நடுவில் கண்ணாடிக் கூண்டு போட்ட ஒரு எண்ணெய் விளக்கு, உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்துக்கு வரும்படி ஒன்றரை அடி உயர முக்காலியில். சுற்றி வட்டமாகப் பாய். திரியை அதிகம் ஏற்றினால் கூண்டு புகை படிந்து கறுக்கும், நெல்மணி அளவு சுடர் போதும். ஞானசபைக்குள் புகுந்து தூசு துடைக்க 12 வயதுக்கு உட்பட்ட சிறுவரையோ 72 வயதைக் கடந்த பெரியவரையோ கொண்டு செய்யும்படி வள்ளலார் 1872இல் விதி வகுத்தார். அதை உங்கள் வட்டத்திலும் பின்பற்றுங்கள். கூண்டைத் துணியால் துடைத்துச் சுடர் ஏற்றும் வேலையை ஒரு குழந்தைக்கும் ஒரு கிழவிக்கும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். பாட்டி கூண்டைப் பிடித்துக்கொள்ள, பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு தீக்குச்சியைத் திரியில் வைக்கும் அந்த அரை நிமிடம் வட்டம் தானாக அமைதியாகிவிடும்.

கற்பூரத் தட்டு, விபூதி, பிரசாதம் எதுவும் வேண்டாம். பக்கத்துத் தெரு பாத்திமா அக்காவோ, தேவாலயத்துக்குப் போய்வரும் அண்ணனோ தயங்காமல் உட்கார வேண்டுமானால் நடுவில் சுடர் மட்டும் இருக்கட்டும். வள்ளலார் படம் பக்கச் சுவரில் இருக்கலாம். நடுவில் வைத்தால் நாலாவது வாரம் பூமாலை வரும், ஆறாவது வாரம் பூசை வரும்.

வள்ளலார் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் 1,596 அடி. ஒரே இருப்பில் முழுதும் ஓதுவது பழகியவர்களுக்கு. புதிய வட்டத்துக்கு வாரம் நூறு அடி போதும். பத்து நிமிடம் ஆகும், பதினாறாவது வாரம் மீதி 96 அடியோடு நிறைவுபெறும். ஒருவர் ஓரடி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவரும் கண் மங்கியவரும் சமமாகச் சேர இதுதான் வழி. ஓத விருப்பமில்லாதவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் மௌனம். முதல் மாதம் ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரம் ஒரு நிமிடம் கூட்டுங்கள். கைப்பேசிகளை அணைத்து வாசலில் ஒரு கூடையில் போட்டுவிடச் சொல்லுங்கள். மடியில் வைத்த கைப்பேசி ஒலிக்காவிட்டாலும் கை அதைத் தேடும்.

பேசும் நேரம்

மாலையின் உயிர் இந்த முப்பத்தைந்து நிமிடம். சத்விசாரம் என்றதும் உபன்யாசம் என்று நினைத்துவிடுகிறார்கள். தெரிந்தவர் பேசத் தெரியாதவர் கேட்பது கூட்டத்தை வளர்க்கலாம். மனிதர்களை ஒருவருக்கொருவர் நெருக்கமாக்காது. எல்லோரும் பேச வேண்டும், எல்லோரும் கேட்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி. வாழ்க்கையிலிருந்து எடுங்கள்: இந்த வாரம் யார் முகம் வாடியிருந்ததைக் கவனித்தீர்கள்? உங்களுக்குச் சோறு போட்ட அந்நியர் யார்? மன்னிக்க முடியாமல் வைத்திருப்பது என்ன? எது இன்னும் நம்பிக்கை தருகிறது? “ஆன்மா என்றால் என்ன” என்று கேட்டால் படித்த இருவர் மட்டும் பேசுவார்கள்.

ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு கூழாங்கல்லைக் கை மாற்றுங்கள். கல் கையில் இருப்பவர் மட்டும் பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால் கல்லை ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து அடுத்தவரிடம் தரலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஒருவர் பேசியதற்கு மற்றவர் பதில், ஆறுதல், மருந்து, பரிகாரம் எதுவும் சொல்லக் கூடாது. இந்த விதியைக் காப்பது நம்மவர்களுக்கு மிகக் கடினம். “எனக்குத் தூக்கமே வரதில்லை” என்று ஒருவர் சொன்ன மறுநொடி நாலு கஷாயம் வந்து நிற்கும். அன்பில் வருவதுதான். ஆனால் மருந்து சொன்னவுடன் அவர் சொல்ல வந்த மீதி நின்றுவிடும். யோசனை சொல்ல விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் “ஒண்ணு சொல்லட்டுங்களா?” என்று கேட்டுவிட்டுச் சொல்லட்டும். வட்டத்தில் பேசியது வட்டத்தைத் தாண்டக் கூடாது; இதை மாதம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே ஒருமுறை ஒருவர் வீட்டு விஷயம் டீக்கடைக்குப் போனால் அதன்பின் எல்லோரும் வானிலை பற்றித்தான் பேசுவார்கள்.

பன்னிரண்டு பேருக்கு மேல் வந்தால் அன்றே இரண்டு வட்டமாக உட்காருங்கள். பதினைந்து பேரில் கடைசி மூன்று பேருக்கு நேரமே வராது; அவர்கள் பெரும்பாலும் கூச்சமுள்ளவர்கள்.

இரண்டு விவாதம் கட்டாயம் வரும். ஒன்று, 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் வள்ளலார் அறைக்குள் போய்க் கதவு மூடியபின் நடந்தது என்ன என்பது. ஒளியாகக் கலந்தார் என்று உயிராக நம்புபவரும் அப்படி ஏற்காதவரும் ஒரே பாயில் இருப்பார்கள். இருவரும் தம் நம்பிக்கையைத் தம் மூன்று நிமிடத்தில் சொல்லலாம். அடுத்தவரைத் திருத்த அந்த நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. இன்னொன்று புலால். ஞானசபைக்குள் செல்ல கொலை, புலை (புலால் உண்பது) தவிர்த்திருக்க வேண்டும் என்பது வடலூர் விதி. புலால் உண்பவருக்கும் பசி தீர்க்கத் தடையில்லை என்பதும் அதே வள்ளலார் சொன்னது. உங்கள் அடுப்பில் சைவம் மட்டும் வேகட்டும், அதில் மாற்றமில்லை. வருபவர் வீட்டு அடுப்பை விசாரிக்காதீர்கள். கஞ்சிக்கு வந்து பழகி, மாலையில் உட்கார்ந்து, ஒருநாள் தானாகவே விட்டவர்கள் உண்டு. வாசலில் கேட்டுத் திருந்தியவர்கள் இல்லை.

சாவைப் பற்றி ஒருவர் பேசத் தொடங்கினால், “இருந்து என்ன பயன்” என்ற தொனி வந்தால், கல்லை நகர்த்திவிட்டுப் போய்விடாதீர்கள். கூட்டம் முடிந்ததும் இருவர் அவரோடு உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றிரவு அவரைத் தனியே விடாமல், 14416 அல்லது 104 எண்ணை அவரோடு சேர்ந்து அழைத்து, மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒருவர் கூடவே போய் வாருங்கள். வட்டத்தால் கூட இருக்க முடியும், சிகிச்சை தர முடியாது.

கணக்கும் பயணமும்

அரிசி பிடியில் வந்துவிடும். பருப்பு, தேங்காய், எரிவாயுவுக்கு மட்டும் பணம் வேண்டும். இருவர் பெயரில் ஒரே நோட்டு. மாதக் கடைசி மாலையில் வரவு செலவை வட்டத்தில் உரக்கப் படியுங்கள். கொடுத்தவர் பெயரைப் படிக்காதீர்கள், தொகை மட்டும் போதும்.

ஆறு மாதம் ஆனபின் எல்லோரும் சேர்ந்து வடலூர் போய்வாருங்கள். தைப்பூசத்தில்தான் ஞானசபையில் ஜோதியை மறைக்கும் ஏழு திரையும் விலகும். ஆனால் கூட்ட நெரிசலில் வயதானவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிடும். முதல் பயணத்துக்கு மாதந்தோறும் வரும் பூச நட்சத்திர நாள் நல்லது, ஆறு திரை விலகும். சேர்த்த பிடி அரிசியில் ஒரு மூட்டையைத் தருமச்சாலையில் கொடுத்துவிட்டு, அங்கே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்புங்கள்.

வராதவர்

ஒரு நோட்டில் மாலை வட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் ஒருவரைக் காணவில்லை என்றால் மூன்றாவது வாரம் கஞ்சி இறக்கியதும் இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவர் தனியாகப் போனால் விசாரணை மாதிரி இருக்கும், நாலு பேர் போனால் பஞ்சாயத்து மாதிரி. “ஏன் வரல?” என்று கேட்காதீர்கள். “கஞ்சி கொண்டாந்தோம்” என்றால் போதும். ஒரு தூக்குவாளியில் கொண்டுபோங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், சொல்லாவிட்டால் வாசலிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். வாளியை அன்றே திருப்பி வாங்காதீர்கள். அடுத்த வாரம் அதைக் கொண்டுவந்து கொடுக்கட்டும்.